லயத்துக் கோடியில் ஒரு அத்தி

தேயிலைக் கொழுந்துக் கூடையை இன்னும் முதுகிலிருந்து இறக்கவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் கோடியைத் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் மலைக்குப் போகும்போது என் தலைக்கு மேல் வளர்ந்து நின்ற அத்தி மரம், சாயங்காலம் என் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்துகொண்டிருந்தது. அகல அகலமான இலைகள் தரையில் குவிந்து கிடந்தன. பக்கத்துக் காம்பரா வீட்டு ஆடு அதில் பாதியைத் தின்று முடித்திருந்தது. என் வீட்டுக்காரர் மாரிமுத்து, கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாரு செல்வி, எவ்ளோ மட்டமா இருக்குன்னு. நூல் புடிச்ச மாதிரி இல்ல?”

“யாருங்க ஒங்கள இத வெட்டச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? ரெண்டு வருசமா எலய மட்டும் போட்டுக்கிட்டு நிக்குது. கவ்வாத்து வெட்டுனாத்தானே கொழுந்து அடிக்கும்?”

“எனக்குக் கொழுந்தா வேணும்? இது என்ன தேயிலையா? பழம்ல வேணும்!”

அவர் மரத்தைப் பார்த்தார். பிறகு கத்தியைப் பார்த்தார். அந்தச் சந்தேகம் அவருக்கு அப்போதுதான் வந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

“செடின்னா எல்லாம் செடிதானே” என்றார் குரலை இறக்கி.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் அது மரமாகிவிடும். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டியதும் செத்தது போல நிற்கும் செடி, கொஞ்ச நாளில் பொங்கிக்கொண்டு தளிர்க்கும். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தவர் என் வீட்டுக்காரர். அவர் கண்ணுக்கு, உலகத்தில் வளர்வதெல்லாம் கவ்வாத்துக்காகக் காத்திருப்பவைதான். எங்கள் மகள் தர்ஷினிக்கு முடி வெட்டினால்கூட நெற்றியில் மட்டம் பிடித்துத்தான் வெட்டுவார்.

அத்தியில் சுவரை ஒட்டிய ஒரே ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

“அது மட்டும் எதுக்கு?”

“மூச்சு விடத்தான். எல்லாத்தயும் வெட்டிட்டா செடி மூச்சு முட்டிச் செத்துரும்ல? தேயிலைக்கும் அப்பிடி ஒரு கெள விடுறது உண்டு.”

“அப்ப நீங்களும் மரமும் சேந்து மூச்சு விடுங்க. இனி என்கிட்டப் பேச வேணாம்.”

கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஒரு மரத்துக்காக அவ்வளவு கோபமா என்று நீங்கள் கேட்கலாம். லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் லெபனானுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

போவதற்கு முன் ஒன்று. இந்தப் பத்திரிகைத் தொடரை வாராவாரம் நான் சொல்லச் சொல்ல, போனில் தட்டி அனுப்புகிறவள் தர்ஷினிதான். என் எழுத்துப் பிழைகளை எல்லாம் திருத்துகிறவளும் அவள்தான். இந்த வாரம் மட்டும் நானே கொப்பியில் எழுதி, மஸ்கெலியா தபாற்கந்தோரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி விழும் ஊரில்

நான் வீட்டு வேலைக்குப் போனது பெரிய பட்டணத்துக்கு அல்ல. பெய்ரூட்டிலிருந்து மலையேறிப் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். பனிக்காலத்தில் முற்றம் முழுக்க வெள்ளையாகிவிடும். மஸ்கெலியாவில் மார்கழிக் குளிரில் பல் கிட்டிக்கொள்கிறது என்று புலம்பியவள் நான். அங்கே போன பிறகுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் கல் மதிலை ஒட்டி அத்தி மரங்கள் வரிசையாக நின்றன. பனியில் அவை வெறும் குச்சிகளாக நிற்கும். செத்துப்போன மரங்களை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெயில் வந்ததும் இலைவிட்டு, ஆவணி வாக்கில் காய்த்துப் பழுத்துக் குலுங்கின. காலையில் வாளியோடு போய்ப் பறிப்பதும், கூரைமேல் பரப்பிக் காயவைப்பதும் என் வேலை.

நமக்கு அத்தி என்றால் ஆற்றோரத்தில் நிற்கும் அத்திதான். பழத்தைப் பிட்டால் உள்ளிருந்து பூச்சி பறக்கும். அதனால் முதல் நாள் பயந்து பயந்துதான் ஒன்றைப் பிட்டேன். உள்ளே பூச்சி இல்லை. செக்கச் செவேலென்று ஈரமாக இருந்தது. வாயில் போட்டதும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ருசிக்காக அழவில்லை. என் நாலு வயதுப் பிள்ளையை என் வீட்டுக்காரரின் அக்கா அஞ்சலை அண்ணியிடம் விட்டுவிட்டு வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. நல்லதாக ஒன்று வாயில் பட்டதும் பிள்ளை முகம் முன்னால் வந்து நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டோடு பேச விடுவார்கள்.

“அம்மா, நீ இன்னிக்கு என்ன சாப்ட்ட?”

“அத்திப்பழம்.”

“அது எப்பிடி இருக்கும்?”

“உள்ளுக்குச் செவப்பா, தேன் மாதிரி இருக்கும்.”

“எனக்கும் கொண்டாருவியா?”

“கொண்டாருவேன் சாமி.”

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவள் ஐந்து வருடம் இருந்துவிட்டேன். போகப் போக அவளுக்கு என்னிடம் பேச வேறு ஒன்றும் இல்லாமல் போனது. பழத்தைப் பற்றி மட்டும் கேட்பாள். கடைசி வருடம் அதையும் கேட்கவில்லை.

பெட்டி திறந்த நாள்

வெளிநாட்டுப் பெட்டி திறக்கும் நாளில் லயத்தில் எவரும் வேறு வேலை பார்ப்பதில்லை. எங்கள் காம்பராவுக்குள் இடமில்லாமல் வாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். சவர்க்காரம், சொக்லட், கம்பளி எல்லாம் வெளியே வந்தன. தர்ஷினி அஞ்சலை அண்ணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஒன்பது வயது. நான் மனதில் வைத்திருந்த பிள்ளையைவிட ஒரு முழம் உயரம் கூடுதலாக இருந்தாள்.

அவளுக்காகவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பத்துப் பழம் அடுக்கி வைத்திருந்தேன். புறப்படுவதற்கு முந்தின நாள் பறித்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று வந்தது. உள்ளே பழம் ஒன்றுமில்லை, கூழ்தான் இருந்தது. எங்கிருந்தோ ஈ வேறு வந்துவிட்டது.

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். “பொய்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பெட்டியின் அடியில் நனைந்த துண்டில் சுற்றிய ஒரு குச்சி இருந்தது. மரத்தடியில் ஒடித்து, பழம் கெட்டாலும் இதுவாவது பிழைக்கட்டும் என்று கொண்டுவந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். லயத்துக் கோடியில், தண்ணீர் விழும் பீலிக்கரையில் நின்றாள். முட்டி போட்டு அவள் உயரத்துக்கு இறங்கினேன்.

“இங்க பாரு, அம்மா பொய் சொல்லல. இந்தக் குச்சிய இங்கயே நடப் போறேன். இது மரமாகி, பழம் பழுத்து, அத ஒன் கையில குடுத்துட்டுத்தான் அம்மா மறுபடி போவேன். சத்தியம்.”

அவள் குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

லெபனான் மாப்பிள்ளை

குளிர் பிரதேசத்தில் அத்தி வளர்ப்பது பற்றிக் கேட்டுப் போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். நான் படித்தவள் இல்லை. அங்கே பார்த்ததையும் இங்கே பட்டதையும்தான் சொல்ல முடியும்.

குச்சியைத் தேயிலை நாற்று வைக்கும் கறுப்புப் பையில் நட்டு, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் குல்லாவாகக் கவிழ்த்துவிட்டேன். எங்கள் காம்பரா லயத்துக் கோடியில்தான். இலை வந்ததும் அங்கே அடுப்படிச் சுவரின் வெளிப்பக்கம் இடம் பார்த்தோம். கல் சுவர். உள்ளே காலையும் மாலையும் அடுப்பு எரியும், வெளியே பின்னேர வெயில் விழும். அத்திக்கு முதுகு சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வேர் கண்டபடி ஓடினால் இலைதான் வரும், காய் வராது என்று அங்கே சொல்வார்கள். அதனால் என் வீட்டுக்காரர் குழி வெட்டி நாலு பக்கமும் பலகைக் கல் இறக்கினார். மழை மாதங்களில் மேலே சாய்ப்பாகப் பழைய கூரைத் தகரம் கட்டினோம். எங்கள் கூரை ஒழுகும்போதுகூட அந்த மரம் நனையவில்லை. “லெபனான் மாப்பிள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்துட்டா செல்வி” என்று லயமே சிரித்தது.

மரம் வளர்ந்தது. பிள்ளைதான் ஒட்டவில்லை.

முறைத்துக்கொண்டு நின்றால்கூடப் பரவாயில்லை. அவள் மரியாதையாக இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கோப்பையைக் கழுவி வைப்பாள். தலை பின்ன மட்டும் சீப்பை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடுவாள். பிள்ளையை வளர்த்துக் கொடுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஆறுதல். யாரும் சொல்லாமலே அவள் தினமும் அந்த மரத்தடிக்குப் போவாள். தண்ணீர் ஊற்றுவாள், இலையைப் புரட்டிப் பார்ப்பாள். என்னை நம்பாவிட்டாலும் பழத்தை நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு பழம் பழுத்துவிட்டால் போதும், அவள் சொன்ன அந்த ‘பொய்’ இல்லாமல் போய்விடும் என்று கிடந்தேன்.

இதற்கிடையில் ஹட்டனிலிருந்து ஏஜென்சிக்காரர் அவ்வப்போது போன் பண்ணுவார். மேடம் உங்களையே திரும்பக் கேட்கிறார் என்பார். “பாப்போம்ங்க” என்பேன். போகிறேன் என்று சொன்னதில்லை. போகமாட்டேன் என்றும் சொன்னதில்லை. கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

இரண்டு வருடமாகியும் மரத்தில் காய் இல்லை. மழை வந்து போகட்டும், அடுத்த வெயிலுக்குப் பார்ப்போம் என்று நான் காத்திருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார். இப்போது என் கோபம் உங்களுக்குப் புரியும்.

பேசாத பதினைந்து நாள்

பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. எல்லாம் தர்ஷினி வழியாகத்தான்.

“ஒங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு.”

“அப்பா, சோறு ஆறுதாம்.”

“ஒங்கம்மாகிட்டச் சொல்லு, நான் மரத்துக்குச் சாம்பல் போட்டுட்டு வர்றேன்னு.”

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வெட்டிய இடத்திலெல்லாம் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசினார். வேலை விட்டு வந்ததும் முகம் கழுவாமல் அங்கே போய்க் குந்திக்கொள்வார். மரத்திடம் ஏதோ முணுமுணுப்பார். கல்யாணமான இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்காத மனுசன்.

பதினாறாம் நாள் காலை வெளியிலிருந்து சத்தம் கேட்டது. “செல்வி! அடிச்சிருச்சு! ஓடி வா!”

வெட்டிய கட்டையில் பச்சையாக ஒரு துளிர், அரிசி மணி அளவுக்கு. அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க என்னாலும் முடியவில்லை.

புதுக் கிளைகள் தட்டுத் தட்டாக இலை போட்டுக்கொண்டு மேலே போயின. மழைக்காலம் வந்து போனது. அவற்றில் காய் இல்லை. ஆனால் வெயில் தலைகாட்டிய நாட்களில் ஒருநாள், துணி காயப்போடப் போன நான் அந்தச் சுவரோரக் கிளையைப் பார்த்தேன். மூச்சு விடட்டும் என்று அவர் விட்டுவைத்த கிளை. இலைக்காம்புகளின் இடுக்கில் கடலை அளவில் பச்சைக் காய்கள். பன்னிரண்டு எண்ணினேன்.

அன்றைக்கு அவருக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தேன்.

காணாமல் போன காய்கள்

பன்னிரண்டு பத்தாகியது. நாலு நாள் கழித்து எண்ணினால் எட்டு.

குரங்கு என்றார் என் வீட்டுக்காரர். தகர டின்களைக் கட்டித் தொங்கவிட்டார். பனியில் உதிர்கிறது என்றார்கள் சிலர். ஆடு என்று நினைத்து மூங்கில் தட்டி கட்டினோம். ஐந்தாகியது. எனக்கு அவர்மேலேயே மறுபடி சந்தேகம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அஞ்சலை அண்ணி மேலும் வந்தது. பழம் பழுத்துப் பிள்ளை என் பக்கம் வந்துவிடும் என்று அவருக்குப் பொறுக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

மஸ்கெலியா சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூக்கன்று விற்கும் பியசேனவிடம் விஷயத்தைச் சொன்னேன். செடி கொடிகளில் அவருக்குத் தெரியாதது இல்லை. திரும்பிப் போகும் வழியில் த்ரீவீலரை நிறுத்திவிட்டு ஏறி வந்தார். கிளையைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தார்.

“நங்கி, தங்கச்சி, இது கொரங்கு இல்லே. கொரங்கு வந்தா கெளயே ஒடிக்கும். பனிக்கு விழுந்தாலும் இப்பிடி இருக்காது.” காய் இருந்த இடத்தைக் காட்டினார். பால் உறைந்த சின்ன வடு. “இது நகம். நல்லாக் கிள்ளப் பழகின கை.”

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, “மல்லி, கப்பண்ட எப்பா! தம்பி, வெட்ட வேணாம், ஆ?” என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார்.

கிள்ளப் பழகின கை. எங்கள் லயத்தில் அப்படி இல்லாத கை எது?

மறுநாள் காலை, பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில்தான் இடுப்பில் கட்டும் படங்கை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். பனி இன்னும் விலகவில்லை. அடுப்படிச் சுவரோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

தர்ஷினி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, முதுகில் புத்தகப் பையோடு நின்றாள். இடது கையால் கிளையை மெதுவாகத் தாழ்த்தினாள். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் காயின் காம்புக்குப் போயின. இழுக்கவில்லை, கிழிக்கவில்லை. ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். நான் கொழுந்து எடுப்பதும் அப்படித்தான். கையில் வந்த காயைச் சாய்ப்புத் தகரத்துக்குப் பின்னால் போட்டாள்.

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். தகரத்துக்குப் பின்னால் பார்த்தேன். இந்த வருடத்துப் பச்சைக் காய்களோடு, கறுத்துச் சுருங்கிப் போன பழைய காய்களும் கிடந்தன. என் வீட்டுக்காரர் கத்தியை எடுப்பதற்கு முந்தின வருடத்துக் காய்கள். இலையை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று நாங்கள் திட்டிய மரம், அப்போதே காய்த்திருக்கிறது.

“ஏன்டி இப்பிடிப் பண்ணுன? யாரு சொல்லிக் குடுத்தா? ஒங்கத்தையா?”

“யாரும் சொல்லல.”

“பின்ன ஏன்? ஒனக்காகத்தானே இந்த மரம்? ஏன் கிள்ளுன?”

அவள் அழவில்லை. என் பிடியிலிருந்து கையை இழுக்கவும் இல்லை. விரல்களில் பால் பிசுபிசுத்தது.

“பழம் வந்தா நீ போயிருவ.”

“என்னது?”

“நீதானே சொன்ன. பழத்த என் கையில குடுத்துட்டுத்தான் மறுபடி போவேன்னு. சத்தியம் பண்ணுன. ஏஜென்சி மாமாகிட்டயும் பாப்போம் பாப்போம்னு சொல்ற. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

மூன்று வருடமாக என் பிள்ளை என்னை விருந்தாளியாக நடத்துகிறாள் என்று உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தேனே, நான் விருந்தாளியாகத்தானே வந்திருந்தேன். போகிற நாளை நானே அவளிடம் சொல்லிவிட்டும் இருந்தேன். அந்த நாளைத் தள்ளிப்போட அவளால் முடிந்தது இதுதான். அதைத்தான் ஒவ்வொன்றாக, தலை பின்னி, பை மாட்டி, பள்ளிக்கூடம் போகும் முன் செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கிளையில் இலைக்கு அடியில் ஒரே ஒரு காய் பாக்கி இருந்தது. தடித்து, லேசாகச் சிவப்புத் தட்டத் தொடங்கியிருந்தது. பத்து நாளில் பழுத்திருக்கும். மூன்று வருடமாக நான் காத்திருந்த பழம்.

அதை நானே கிள்ளினேன்.

“ஏம்மா!” என்று கத்தினாள் தர்ஷினி.

இந்த விரல்களால் எவ்வளவு கொழுந்து எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மனசாரக் கிள்ளியது அது ஒன்றைத்தான். அதைத் தகரத்துக்குப் பின்னால், அவள் போட்டவற்றோடு போட்டேன்.

“இப்ப மரத்துல ஒண்ணுமில்ல. அடுத்த வருசம் காய்க்கட்டும், பழுக்கட்டும், எல்லாருமாத் திம்போம். நான் எங்கயும் போகல.”

“சத்தியமா?”

“சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். சத்தியம் பண்ணித்தானே இந்தக் கூத்தெல்லாம். நாளைக்கு எந்திரிச்சுப் பாரு, இருப்பேன். நாளன்னைக்கும் பாரு.”

அப்போதுதான் அழுதாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஐந்து வருடத்தையும் சேர்த்து அழுதாள். அவள் தலை கலைந்துவிட்டது. உள்ளே கூட்டிப் போய் அடுப்பு முன்னால் உட்காரவைத்து, பிரித்து, எண்ணெய் தடவி, திரும்பப் பின்னிவிட்டேன். அத்தை பின்னுவது போல இறுக்கமாக வரவில்லை. அவள் அத்தையிடம் ஓடவில்லை. அன்று எனக்குப் பேர் விழவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது; அவளும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனாள். வெள்ளைச் சட்டையில் பட்ட அத்திப் பால் கறை கடைசி வரைக்கும் போகவில்லை.

அடுத்த முறை ஏஜென்சிக்காரர் பேசியபோது அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே பதில் சொன்னேன். “இல்லீங்க. நான் வரல.”

அண்ணியிடம் நான் சந்தேகப்பட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அடி கிறுக்கி” என்று சொல்லிவிட்டு அவர் போய் ஆட்டுக்குப் புல் போட்டார்.

பதினொன்று

அடுத்த வருடம் முதல் பழம் பழுத்தது. ஒரே பழத்தை நாலாக வெட்டி, நாங்கள் மூவரும் அண்ணியும் தின்றோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேன் மாதிரி இல்லை. எங்கள் மலையில் பனியும் மழையும் அதிகம், பழத்தில் தண்ணீர் தூக்கலாக இருக்கும். “பூசணிக்கா மாதிரி இருக்கு” என்றார் என் வீட்டுக்காரர். ஒரு முறை முறைத்தேன். “இனிப்புப் பூசணி” என்று திருத்திக்கொண்டார்.

தர்ஷினி மெதுவாக மென்றாள். “நீ சொன்ன அளவுக்கெல்லாம் இல்லம்மா” என்றாள். பிறகு என் கையிலிருந்த என் பங்கையும் பிடுங்கித் தின்றுவிட்டு ஓடினாள். பிள்ளை என்னிடமிருந்து எதையாவது பிடுங்கித் தின்ன மாட்டாளா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!

இதெல்லாம் நடந்து பல வருடமாகிவிட்டது. மரம் இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. வருடா வருடம் காய்க்கிறது. வாசகிக்கு இரண்டு விஷயம்: பழைய கிளைகளை வெட்டாதீர்கள், குளிர் தேசத்தில் பழம் அதில்தான் வரும். வீட்டில் கவ்வாத்துக்காரர் இருந்தால் தை மாதத்தில் மரத்தடிக்குக் காவல் போடுங்கள். என் வீட்டுக்காரர் இப்போதும் அந்த மாதம் வந்தால் கத்தியோடு மரத்தின் முன்னால் நின்று பெருமூச்சு விடுகிறார்.

போன வாரம் தர்ஷினிக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. அவள் என்னைவிட்டுத் தூரமாகப் போவது இதுதான் முதல் தடவை. அதனால்தான் இந்த வாரம் கொப்பி.

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போனோம். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, அழுகையை மறைக்க டிரைவரிடம் எதையோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். சாப்பிடு, குடை மறக்காதே என்று எல்லாத் தாயும் சொல்வதைச் சொன்னேன். பஸ் கிளம்பும் நேரம் அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“அம்மா, மரத்துல இப்ப எத்தன காய் இருக்கு?”

“பதினொண்ணு.”

“நான் இல்லேன்னு கிள்ளிக் கிள்ளிப் போட்டுறாத. பழுக்கறப்ப வந்துருவேன்.”

“சத்தியமா?” என்றேன்.

“சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்” என்று சிரித்தாள். பஸ் போய்விட்டது.

இன்று காலை மலைக்குப் போகும் முன் எண்ணினேன். பதினொன்றும் இருக்கின்றன. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, என் வீட்டுக்காரரின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, சாக்கில் சுற்றி, பெட்டிக்குள் என் பழைய கடவுச்சீட்டுக்கு மேலே வைத்துப் பூட்டிவிட்டேன்.